தினம் 250 வார்த்தை - சில கணக்கு வழக்குகள்

வருசம் பிறந்தால் போதும், நம்ம ஆட்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடும். "இந்த வருசம் ஒரு நாவல்", "வாரம் ஒரு சிறுகதை", "தினம் ஒரு பக்கம்"னு ஆளாளுக்கு ஒன்று. ஓசியில் வந்த டைரியின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு எழுதிவைப்போம். பொங்கல் வரைக்கும் ஓடும். அப்புறம் அந்த டைரி பால் கணக்கு எழுதப் போய்விடும். எங்கள் வீட்டுப் பரணில் இப்படிப் பால் கணக்கான இலக்கியத் திட்டங்கள் நாலைந்து இருக்கின்றன :-)

ஆனால் 2023 ஆகஸ்டில் எனக்கு வந்த இலக்கு டைரியில் எழுதியது இல்லை. வேறு ஒருத்தர் வைத்த கெடு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விசயம் இதுதான். எங்கப்பா கம்பாசிட்டர். கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் 1962இல் பதினேழு வயசில் சேர்ந்து, 1996இல் அது மூடுகிறவரைக்கும் ஈய எழுத்து கோர்த்தவர். அச்சகம் மூடினாலும் அந்தக் கூடம் அப்படியே பூட்டிக் கிடந்தது. எழுத்து கேஸ்கள், ட்ரெடில் மெஷின், கேலி, ஸ்டிக் எல்லாம் உள்ளேயே. முதலாளியின் பையன் அப்பாவைப் பார்க்க வந்தபோது, "தை முடிஞ்சதும் இடிக்கப் போறோம் சார், இரும்பும் ஈயமும் எடைக்குப் போயிடும், வேணும்னா வந்து ஒருதரம் பாத்துக்கங்க"ன்னு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பு ஒன்றும் இல்லை. இருபத்தேழு வருசம் பூட்டி வைத்திருந்ததே பெரிய விசயம்.

அப்பாவிடம் அந்த வேலையைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் வாயால் சொல்ல வராது. "அது கை பாட்டுக்குப் போகும்மா"ம்பார். கேஸ் முன்னால் நின்றால்தான் கை போகும், கை போனால்தான் வாய் திறக்கும். ஆக, கூடம் இடிபடுவதற்குள் அவரை அங்கே நிறுத்தி, கேட்டு, எழுதி முடிக்க வேண்டும். நான் இருப்பது திருச்சி. வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸில் ஆணி. மிச்சம் சனி, ஞாயிறு. காலண்டரில் எண்ணிப் பார்த்தேன்: ஆகஸ்ட் 19இல் ஆரம்பித்தால் 2024 பிப்ரவரி 10 வரைக்கும் 26 சனிக்கிழமை.

என்னைப் போன்ற ஞாயித்துக்கிழமை எழுத்தாளர்கள் இந்த மாதிரி நேரத்தில் முதலில் என்ன செய்வோம்? எழுத மாட்டோம். மத்தவங்க எப்படி எழுதினாங்கன்னு படிப்போம். நானும் படித்தேன்.

அதில் என்னைப் பிடித்துக்கொண்டவர் ஆன்டனி டிராலப். இங்கிலாந்துக்காரர், தபால் துறை அதிகாரி. 1834இல் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1867இல் ராஜினாமா செய்கிறவரைக்கும் உத்தியோகமும் பார்த்துக்கொண்டு நாவலும் எழுதினார். மொத்தம் 47 நாவல். தெருவோரத் தபால் பெட்டியை பிரிட்டிஷ் தபால் துறைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்சி தீவில் பெட்டி வைத்துப் பார்க்கலாம் என்று சிபாரிசு செய்தது அவர்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு மனுசனைப் பிடித்துவிட்டது.

அவர் செத்ததற்கு அடுத்த வருசம், 1883இல், சுயசரிதை வெளியானது. அதில் தன் ரகசியத்தை எல்லாம் போட்டு உடைத்திருக்கிறார். விடிகாலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பாராம். அந்த நேரத்துக்கு எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு பழைய வேலைக்காரருக்கு வருசத்துக்கு 5 பவுன் கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேற யாரையும்விட அந்த ஆளுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் எழுதியும் இருக்கிறார். (நம்ம வீட்டில் எழுத்தாளரே எழுந்து எல்லாருக்கும் காப்பி போட வேண்டும். அந்த ஐந்து பவுன் யார் தருவார்?) முதல் அரைமணி நேரம் முந்தின நாள் எழுதியதை வாசிப்பார். அதுக்கப்புறம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 வார்த்தை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னாடி அன்றைய இலக்கியம் முடிந்தது. குளித்து, ஆபீஸுக்குக் கிளம்பிவிடலாம்.

ரயிலில் போகிறபோதுகூட மடியில் ஒரு பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார், மனைவி பிறகு படி எடுத்துத் தருவார். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு. வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு. சராசரி 40 பக்கம், ரொம்பக் குறைந்த வாரம் 20, உச்சம் 112. ஒரு வாரம் சும்மா இருந்தால் அந்த வெற்றுக் கட்டம் கண்ணை உறுத்தும், அதுதான் தனக்கு வேண்டியது என்கிறார்.

இப்படிப் படி அளக்கிற மாதிரி எழுதினேன் என்று சொன்னதுக்காகவே அவரைக் கொஞ்ச காலம் இலக்கிய உலகம் ஒரு மாற்றுக் குறைவாகப் பார்த்தது. எழுத்தாளன் என்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாமா? பவுன் கணக்கும் பக்கக் கணக்கும் சொன்னால் என்ன மரியாதை இருக்கும்? எனக்கென்னவோ அந்தப் புத்தகம் முழுக்க ஒரு குமாஸ்தாவின் நேர்மை தெரிகிறது. மளிகைக் கடைக்காரர் தன் தராசைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி.

அவர் சொன்ன இன்னொரு சின்ன விசயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 'பக்கம்' என்பது ஒரு நிச்சயமில்லாத அளவு, ஆளுக்கு ஆள் மாறும். அதனால் என் பக்கத்துக்கு 250 வார்த்தை என்று நானே முடிவு செய்துகொண்டேன், எழுத எழுத ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணினேன் என்கிறார். சரி, நாமும் எண்ணுவோம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

இங்கேதான் ஆரம்பித்தது கூத்து.

'வந்துகொண்டிருந்தபோது' என்று சேர்த்து அடித்தால் ஒரு வார்த்தை. 'வந்து கொண்டு இருந்த போது' என்று பிரித்து அடித்தால் நாலு. ரெண்டும் தமிழ்நாட்டில் அச்சில் வருகிறதுதான், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அப்படியானால் என் இலக்கை முடித்துக்கொடுப்பது மூளையா, ஸ்பேஸ் பாரா? ராத்திரி பத்தரை மணிக்கு 190இல் நிற்கிறோம், கண்ணைச் சுற்றுகிறது. மேலே போய் நாலைந்து கூட்டு வினைகளை உடைத்துவிட்டால் 210. இன்னும் ரெண்டு 'என்று சொல்லலாம்', ஒரு 'என்றே தோன்றுகிறது'. 250 ஆச்சு, விளக்கை அணை. தமிழில் சில பேர் ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். அன்றைக்குத் தெளிந்தது.

இன்னொன்று. இங்கிலீஷில் 'இன் த ஹவுஸ்' மூணு வார்த்தை. நமக்கு 'வீட்டில்', ஒன்று. வேற்றுமை உருபு, காலம், ஆண்பால் பெண்பால் எல்லாத்தையும் முதுகில் தூக்கிக்கொண்டு போகிற மொழி இது. டிராலப்பின் 250ஐத் தமிழில் அப்படியே எடுத்துவந்தால் அவர் சுமந்ததைவிடக் கூடுதலாகச் சுமக்கிறோம். மொழி மாறினால் படிக்கல்லும் மாற வேண்டாமா?

சரி, வார்த்தை வேண்டாம், எழுத்தை எண்ணுவோம் என்று போனால் அங்கே இன்னும் வேடிக்கை. 'தமிழ்' எத்தனை எழுத்து? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மூணு என்று சொல்லும். கம்ப்யூட்டரைக் கேட்டால் ஐந்து என்கிறது. யுனிகோடில் த ஒன்று, ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. 'ஸ்ரீ' போட்டால் நாலு. பக்திக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு நல்ல லாபம்.

ஜப்பான்காரர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. அவர்களிடம் 400 கட்டம் போட்ட கையெழுத்துத் தாள் உண்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து. முரகாமி நாவல் எழுதும் காலத்தில் தினம் அதுபோல் பத்துத் தாள் அளவு எழுதுவார். ஓடுகிறதே என்று பதினொன்றுக்குப் போக மாட்டார், ஓடவில்லையே என்று ஒன்பதில் நிற்கவும் மாட்டார். அவர் மொழிக்கு அவர் ஊர் தைத்துவைத்திருக்கிற சட்டை அது. நம்மிடம் ஒன்றும் இல்லையா?

இருந்திருக்கிறது! இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. திருவாய்மொழிக்கு வைணவப் பெரியவர்கள் எழுதிய உரைகளின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதியது ஆறாயிரப்படி. நஞ்சீயர் எழுதியது ஒன்பதினாயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளையுடையது இருபத்துநாலாயிரப்படி. நம்பிள்ளை சொல்லச் சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்தது ஈடு முப்பத்தாறாயிரப்படி. சின்ன வயசில் கோயிலில் இந்தப் பெயர்களைக் கேட்டபோது ஏதோ படிக்கட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். படி என்பது நீளக் கணக்கு. ஒற்றெழுத்தைத் தள்ளிவிட்டு, உயிரும் உயிர்மெய்யுமாக 32 எழுத்து சேர்ந்தால் ஒரு படி. வடமொழியில் கிரந்தம் என்று சொல்கிற அதே அளவு.

யோசித்துப் பாருங்கள். 'என் நாவல் ஐம்பதாயிரம் வார்த்தை' என்று நாம் பீற்றிக்கொள்வதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே புத்தகத்துக்குப் பெயரே அதன் நீளம்தான். பிள்ளான் எழுதியதன் அளவு விஷ்ணு புராணத்தோடு ஒத்தது என்று மரபில் சொல்வார்கள். அதாவது, இத்தனை படிக்குள் சொல் என்கிற மாதிரி ஒரு இலக்கு. டிராலப்பாவது, முரகாமியாவது!

தம்பி பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவனிடம் விசயத்தைச் சொன்னேன். "இவ்ளோதானா அத்தை?"ன்னு கால்மணி நேரத்தில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்துவிட்டான். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணி 32ஆல் வகுக்கும். ஸ்பேஸ் பார் ஜம்பமெல்லாம் அதனிடம் பலிக்காது. ஒரு மாசம் போல அதை வைத்துத்தான் ஓட்டினேன். வார நாளில் பத்துப் படி, அதாவது 320 எழுத்து. சொன்னால் சிரிப்பீர்கள், சின்ன ரெண்டு பத்தி அவ்வளவுதான். ஆனால் ஆபீஸ் விட்டு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி உட்காருகிற ஆளுக்கு அதுவே அரைமணி. டிராலப்பின் பத்துப் பக்கத்தை நினைத்து ஏங்கினால் இந்தப் பத்துப் படியும் கிடைக்காது.

இதற்கிடையில் நவம்பர் வந்தது. அந்த மாசம் வந்தாலே ஒரு கூட்டம் 30 நாளில் 50,000 வார்த்தை என்று கிளம்பும். நானோரைமோ என்று பெயர். 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் 21 பேரோடு ஆரம்பித்தது. தினத்துக்கு 1,667 வார்த்தை வரும். உலகம் முழுக்கப் பரவி, அதில் பிறந்த வரைவுகளில் ஒன்றிரண்டு நன்றாக விற்ற நாவலாகவும் ஆகின. அதை நடத்திய அமைப்பு 2025 மார்ச் கடைசியில் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டது. எனக்கு அந்தப் பந்தயத்தில் பெரிய ஈர்ப்பு இல்லை. முதல் வரைவு என்கிற பயத்தைப் போக்க நல்ல மருந்துதான். ஆனால் என் கையில் இருந்தது கற்பனை இல்லையே, இன்னொருத்தர் வாயிலிருந்து வர வேண்டியது. 1,667ஐ நான் எங்கே போய்ப் பிடுங்க?

அதைவிட ஹெமிங்வே வழி தேவலை. அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிச் சுவரில் வைத்து, அன்றன்றைக்கு எழுதிய வார்த்தை எண்ணிக்கையைக் குறிப்பாராம். 1958இல் ஒரு பேட்டியில் வந்த தகவல். ஒரு நாள் ஐநூறு, ஒரு நாள் ஆயிரத்துச் சொச்சம். கூடுதலாக எழுதுவது எதுக்கு என்றால், மறுநாள் மீன் பிடிக்கப் போனால் மனசு உறுத்தக்கூடாதாம். மீனுக்குப் பதில் இங்கே ஆவணி முகூர்த்தம், ஐப்பசி முகூர்த்தம், நாத்தனார் வீட்டு வளைகாப்பு. மத்தபடி தத்துவம் ஒன்றுதான். நானும் பீரோ கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன்.

ஆனால் உண்மையில் என்னோடு கூட வந்தவர் இவர்கள் யாருமில்லை. தஸ்தயேவ்ஸ்கி வீட்டுக்கு வந்த ஒரு இருபது வயசுப் பெண்.

கதை தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம். 1865இல் கடன்காரர்கள் நெருக்க, ஸ்டெல்லோவ்ஸ்கி என்கிற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார் தஸ்தயேவ்ஸ்கி. 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் ஒன்று தர வேண்டும். தராவிட்டால் ஒன்பது வருசத்துக்கு அவர் எழுதுகிற எதையும் காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளும் உரிமை பதிப்பாளருக்கு. மனுசன் 'குற்றமும் தண்டனையும்' தொடராக எழுதிக்கொண்டிருந்த சமயம். அக்டோபர் பிறந்தது, கையில் ஒரு வரி இல்லை. நண்பர் ஒருவர் யோசனைப்படி சுருக்கெழுத்து படித்த அன்னா ஸ்னிட்கினா அக்டோபர் 4ஆம் தேதி வந்தார். பகலில் இவர் சொல்ல அவர் குறித்துக்கொள்வார். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து விரித்தெழுதி மறுநாள் கொண்டுவருவார். 26 நாள். 'சூதாடி' முடிந்தது. கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை! போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக் கெடுவைக் காப்பாற்றினார்கள். மறுவருசம் பிப்ரவரியில் ரெண்டு பேருக்கும் கல்யாணம்.

எல்லாரும் இந்தக் கதையை அவர் மேதைமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் அந்தப் பெண்ணின் ராத்திரிகளைத்தான் நினைத்துக்கொண்டேன். வேகமாகக் குறித்த கோடுகளை வார்த்தையாக மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று சனிக்கிழமை குறிப்பைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். என் நோட்டில் "கால் தீந்துபோச்சு - மேலக்காவேரி - சைக்கிள்" என்று இருக்கும். அன்றைக்கே விரித்து எழுதினால் அது ஒரு கதை. (துணைக்கால் எழுத்து தீர்ந்துபோய், மேலக்காவேரியில் இன்னொரு அச்சகத்துக்கு சைக்கிளில் போய் ஒரு கைப்பிடி கடன் வாங்கி வந்த கதை.) நாலு நாள் கழித்து எடுத்தால் அது ஒரு விடுகதை. அதனால் வார நாள் இலக்கை மாற்றினேன். படியும் இல்லை, வார்த்தையும் இல்லை. சனி, ஞாயிறு குறித்ததில் தினம் ரெண்டு குறிப்பை விரித்துவிட வேண்டும். நோட்டில் அடித்துவிட்டால் அன்றைக்கு முடிந்தது.

இனி அந்தக் கூடம். முதல் சனிக்கிழமை கதவைத் திறந்ததும் எலிப்புழுக்கை வாசனையும் அதற்கடியில் பழைய மசி வாசனையும். அப்பா ஒன்றும் பேசவில்லை. நேரே ஜன்னலோரத்துக் கேஸ் முன்னால் போய் நின்றார். வலதுகையால் கட்டத்தில் துழாவி இடதுகையில் நாலைந்து எழுத்தை அடுக்கிக் காட்டினார். தலைகீழாகத்தான் அடுக்க வேண்டும், படிக்கிறதும் தலைகீழாகத்தான். என் பெயர். அவருக்கு எழுபத்தெட்டு வயசு, கை நடுக்கம் உண்டு. எழுத்து எடுக்கும்போது நடுங்கவில்லை.

"கொ போடணும்னா எத்தனை எழுத்துப்பா?"

"மூணு. கொம்பு, கானா, காலு."

கம்ப்யூட்டருக்கு கொ ரெண்டு. ஒண்ணாங்கிளாஸுக்கு ஒன்று. படிக் கணக்கிலும் ஒன்று. கம்பாசிட்டருக்கு மூணு! நான் அங்கேயே சிரித்துவிட்டேன். எதுக்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மொத்தம் 13 எழுத்துக்குப் புது வடிவம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சுலபம் என்று நாம் படித்திருக்கிறோம். அவர் பக்கத்துக் கணக்கு வேறு. பழைய லை ஒரே எழுத்து, தும்பிக்கையோடு ஒட்டி வார்த்தது. புது லைக்கு ரெண்டு தரம் கை போக வேண்டும். பழைய ணா, றா, னாவும் அப்படியே. "ஏழு கட்டம் மிச்சமாச்சு. ஆனா கை வேலை கூடிப்போச்சு. இல்லை, வேலை, கவலை, எதை எடுத்தாலும் லை வருதே" என்றார். கூலி ஏறியதா என்று கேட்டேன். "பக்கத்துக்குத்தானே கூலி, லைக்கா குடுப்பாங்க?"

இந்த மாதிரி ஒன்றுக்காகத்தான் அத்தனை பஸ் ஏறியது. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத வரி அது.

மார்கழி மாசம் ஒருநாள் மதியம், கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, இலக்கு, படி, டிராலப் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. எத்தனை ஃபாரம் வரும்?"

டெம்மி அளவுப் புத்தகத்தில் ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம். தாளை மடித்தால் பதினாறாக வரும். பதினேழாவது பக்கத்துக்கு ஒரு வரி போனாலும் இன்னொரு ஃபாரம் கட்ட வேண்டும். அதனால் அச்சகத்தில் யாரும் வார்த்தையையும் எண்ணுவதில்லை, நாளையும் எண்ணுவதில்லை. ஃபாரம் நிறைந்ததா, மெஷின் ஏறியதா, அவ்வளவுதான். "பதினாலு பக்கத்தைக் கோத்துட்டு ஒக்காந்திருந்தா மெஷின்மேன் வந்து நிப்பான். ரெண்டு பக்கத்துக்கு மேட்டர் குடுங்கன்னு முதலாளிகிட்ட ஆள் போகும். எழுதுறவர் கோயில்ல இருந்தாலும் புடிச்சுட்டு வந்துருவோம்" என்றார். இன்னொன்றும் உண்டு. ஃபாரம் அச்சானதும் அத்தனை எழுத்தையும் பிரித்துத் திரும்பக் கேஸில் போட்டால்தான் அடுத்த ஃபாரத்துக்கு எழுத்து இருக்கும். முன்னே அடித்ததில் போய் இனிமேல் கை வைக்க முடியாது. அந்தப் பக்கம் உலகத்தில் இல்லை.

திருத்தித் திருத்தியே முதல் அத்தியாயத்தில் செத்துப்போகிற நமக்கெல்லாம் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து என் கணக்கு ஃபாரம். மொத்தம் மூணு. ஒரு ஃபாரம் முடிந்ததும் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். அதற்கப்புறம் அவர் பென்சிலால் போட்ட திருத்தத்தைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

தினம் எழுதுகிறவர்களைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரைக்கும் தினம் ஓர் அத்தியாயம் என்று வெண்முரசை 26 நாவலாக எழுதி முடித்தது நம் கண் முன்னால் நடந்தது. அதை நினைத்தால் எனக்கு மலைப்பு வரும், உற்சாகம் வராது. மேட்டூர் அணையைப் பார்த்துவிட்டு வந்து வீட்டுக் குழாயைத் திறக்கிற மாதிரி. நமக்கு ஒரு குடம் நிறைந்தால் போதும், ஆனால் நிறைய வேண்டும்.

கெடு தவறியதா என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரி 10, இருபத்தாறாவது சனிக்கிழமை. ரெண்டு ஃபாரம் முடிந்திருந்தது, மூணாவதில் ஐந்தாறு பக்கம். குறிப்புகள் எல்லாம் நோட்டில் ஏறியிருந்தன, அதுதான் முக்கியம். நடுவில் மூணு சனிக்கிழமை மழையிலும் காய்ச்சலிலும் போனது. அன்றைக்குச் சாயந்திரம் அப்பா ஒரு துணைக்காலையும் ஒரு பழைய லையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளி பையனிடம் சொல்லிவிட்டுத்தான். மாசி பிறந்து பத்து நாளில் கூடம் தரைமட்டம். நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

மிச்சத்தை எழுதி முடிக்க ஏப்ரல் ஆயிற்று. ஒரு டிடிபி கடையில் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள், 50 பிரதி போடுவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் புரூஃப் கட்டை அப்பாவிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி, பென்சில், திண்ணை வெளிச்சம். ரெண்டு நாள் ஆளே பேசவில்லை. ஒற்று மிகுந்த இடம், மிகாத இடம், ஓரத்தில் எல்லாம் பழைய புரூஃப் குறிகள். டிடிபி கடைப் பெண்ணுக்கு அந்தக் குறிகளை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நல்லா இருக்கு, இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"நாப்பத்தாறுதான் இருக்கு."

"ஆமாப்பா, முடிஞ்சுருச்சே."

"ரெண்டு பக்கம் வெள்ளையா போகுதும்மா. பேப்பர் காசு குடுத்து வாங்குறதுதானே?"

அட்டை, முன்னுரை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வாங்கி, கட்டம் போட ஆரம்பித்தார். எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் என்று. நடுநடுவே கையைக் காற்றில் நீட்டி, துழாவி, யோசித்து, எழுதினார். ஜன்னலோரத்துக் கேஸ் 47ஆம் பக்கத்தில் வந்தது, பக்கத்துக் கேஸ் 48இல். ரெண்டே ரெண்டு கட்டம் தவிர எல்லாம் நிறைந்துவிட்டது. அதில் ஒன்று ஸ்ரீ. கடைசி வரிசை வலது மூலை என்கிறார் அவர். என் நோட்டில் இடது மூலை என்று இருக்கிறது.